போரை ஆதரித்தோரும் போர்முனைக்குச் சென்றோரும்

யோர்தானுக்குக் கிழக்கே யாசேர், கீலேயாத் நாடுகளின் மேய்ச்சல் நிலங்களைக் கண்ட ரூபன் புத்திரரும் காத் புத்திரரும் தங்களுக்கு அந்நிலமே போதும் என்று மோசேயிடம் விண்ணப்பித்த செய்தியை எண்ணாகமம் 32 ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மோசே அவர்களுக்கு மறுமொழியாக ஒரு கேள்வியைக் கேட்டார். சகோதரர் போருக்குச் செல்லும்போது நீங்கள் மட்டும் இங்கே தங்கியிருப்பது தகுமோ என்பது அக்கேள்வியின் சாரம். அவர்கள் அதன் நியாயத்தை ஒப்புக்கொண்டனர். பிள்ளைகளுக்குப் பட்டணங்களையும் மந்தைகளுக்குத் தொழுவங்களையும் அமைத்துவிட்டு, மற்றக் கோத்திரங்களுக்கு முன்னணியில் ஆயுதம் தரித்துச் செல்வதாக வாக்களித்தனர்.

இக்கேள்வி மோசேயின் காலத்தோடு முடிந்துவிடவில்லை. போர் ஒன்றை நியாயமானது என்று கருதி அதற்கு ஆதரவாகப் பேசுகிறவன், அதில் பங்குகொள்ளவும் ஆயத்தமாயிருக்கவேண்டுமா? அவ்வாறு ஆயத்தமில்லாதவனுடைய பேச்சுக்கு மதிப்பு உண்டா? இவ்வினா எவரையும்விடத் திருச்சபையின் ஊழியரை நெருக்கமாகத் தொடுகிறது. ஏனெனில் அவர்கள் பேசுவதையே தொழிலாகக் கொண்டவர்கள். பெரும்பாலான நாடுகளில் போர்க்கடமையினின்று விலக்குப் பெற்றவர்கள். முதல் உலகப் போரின் போது புரொட்டஸ்டண்டு திருச்சபைகளில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இங்கிலாந்துத் திருச்சபையின் நிலை

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது லண்டன் பேராயராக இருந்தவர் ஆர்தர் ஃபோலி வின்னிங்டன்-இங்ராம். அப்போது அவருக்கு வயது 56. கிழக்கு லண்டனின் ஏழை மக்களிடையே நெடுங்காலம் ஊழியம் செய்து அவர்தம் அன்பைப் பெற்றவர் அவர். படைக்கு ஆள் சேர்க்கும் கூட்டங்களில் அவர் ஆர்வத்தோடு பேசினார். 1915 ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் பண்டிகையை ஒட்டிப் பிரான்சிலிருந்த படைகளையும் சந்தித்து வந்தார். அவ்வாண்டின் திருவருகைக் கால அருளுரையொன்றில் இப்போரைச் சிலுவைப்போர் என்று வருணித்து, நல்லவர் தீயவர் என்ற வேறுபாடின்றி ஜெர்மானியர் கொல்லப்படுவதைக் குறித்து அவர் பேசிய பகுதி, போர்க்காலப் பிரசங்கத்தின் சீர்கேட்டுக்குச் சான்றாக இன்றளவும் எடுத்துக்காட்டப்படுகிறது. அவர் கொடியவர் அல்லர். கொடியவர் அல்லாத ஒருவர் அவ்வாறு பேசினார் என்பதே நாம் கவனிக்கவேண்டியது.

அதே காலத்தில் கான்டர்பரிப் பேராயர் ராண்டல் டேவிட்சன், குருத்துவ அபிஷேகம் பெற்றவர் ஆயுதம் தாங்கிப் போரிடுவது அவர் பெற்ற அழைப்புக்குப் பொருந்தாது என்று தம் குருமாருக்கு அறிவித்தார். 1916 ஜனவரியில் நிறைவேறிய இராணுவச் சேவைச் சட்டம் 18 முதல் 41 வயது வரையிலான மணமாகாத ஆண்களைக் கட்டாயச் சேவைக்கு உட்படுத்தியது. சில மாதங்களில் மணமானவர்களும் சேர்க்கப்பட்டனர். எல்லாச் சபைகளின் போதகர்களுக்கும் இச்சட்டம் விலக்கு அளித்தது. 1918 ஏப்ரலில் வயது வரம்பு உயர்த்தப்பட்டபோது, போதகர்களின் விலக்கை நீக்கவும் அரசாங்கம் முதலில் எண்ணிப் பின்னர் அதனைக் கைவிட்டது.

டேவிட்சனின் தீர்ப்புக்கு இறையியல் அடிப்படை உண்டு. திருவிருந்தின் பாத்திரத்தை ஏந்தும் கை இரத்தம் சிந்தலாகாது என்ற எண்ணம் பழைமையானது. ஆயினும் அத்தீர்ப்பையும் வின்னிங்டன்-இங்ராமின் அருளுரையையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு முரண்பாடு வெளிப்படுகிறது. செய்வதற்குத் தகாத செயலைச் செய்யும்படி பிறரைத் தூண்டுவது மட்டும் தகுமோ? கை தூய்மையாயிருக்கவேண்டும் என்றால் நாவும் தூய்மையாயிருக்கவேண்டும் அன்றோ?

பிரான்சு நாட்டில் நிலைமை வேறு. அங்குக் குடியரசின் சட்டம் குருமாருக்குப் பொது விலக்கு அளிக்கவில்லை. முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட கத்தோலிக்கக் குருமாரும் துறவியரும் படைக்கு அழைக்கப்பட்டனர். நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதனால் பிரான்சின் போர் மற்றவர் போரைவிட நீதியானதாகிவிடவில்லை. ஆனால் சேற்றுக் குழிகளில் உடன் கிடந்த குருவின் சொல்லைப் படைவீரன் வேறு விதமாகக் கேட்டான் என்பதை மறுக்க இயலாது.

ஜெர்மானிய இறையியலார்

1914 அக்டோபர் 4 ஆம் நாள் ஜெர்மனியின் அறிஞர்களும் கலைஞர்களுமாக 93 பேர் பண்பாட்டு உலகத்துக்கு என்று ஓர் அறிக்கை வெளியிட்டனர். பெல்ஜியத்தில் தங்கள் படைகள் தவறிழைத்தன என்ற குற்றச்சாட்டை அது முற்றிலும் மறுத்தது. கையொப்பமிட்டோரில் அடால்ஃப் ஃபான் ஹார்னாக், வில்ஹெல்ம் ஹெர்மன், அடால்ஃப் டைஸ்மன் ஆகிய புகழ்பெற்ற இறையியலார் இருந்தனர். ஹார்னாக்குக்கு அப்போது வயது 63. படையில் சேரும்படி எவரும் அவரைக் கேட்டிருக்கமாட்டார்கள். தாம் நேரில் கண்டிராத செய்திகளுக்கு, நூல் ஆராய்ச்சியில் பெற்ற நற்பெயரை அவர்கள் சாட்சியாக அளித்துவிட்டனர்.

சுவிட்சர்லாந்தின் சாஃபன்வில் என்ற சிற்றூரில் போதகராயிருந்த 28 வயதான கார்ல் பார்த், தம் ஆசிரியர்களின் பெயர்களை அவ்வறிக்கையில் கண்டு பெரிதும் மனமுடைந்தார். அவர்களுடைய ஒழுக்கவியலிலும் வேத விளக்கத்திலும் அவர் வைத்திருந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய விளக்கவுரை இந்த அதிர்ச்சியோடு தொடர்புடையது என்பதை இறையியல் மாணவர் அறிவர்.

இப்போரின் வெப்பம் தமிழ் நாட்டுச் சபைகளையும் தாக்கியது. 1910 இல் எடின்பரோ நகரில் நடைபெற்ற உலக அருட்பணி மாநாட்டில் ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் ஒன்றாய் அமர்ந்து உலகத்தின் சுவிசேஷத் திருப்பணியைத் திட்டமிட்டனர். அங்கே நம் அசரியா மேல்நாட்டு ஊழியரிடம் நட்பை வேண்டிப் பேசினார். நான்கே ஆண்டுகளில் அம்மாநாட்டின் இரு பெரும் சாராரும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டும் அறிக்கைகளை எழுதிக்கொண்டிருந்தனர். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னையின் மீது குண்டுகளை வீசியது. லைப்சிக் அருட்பணிச் சங்கத்தின் ஜெர்மானிய ஊழியர்கள் காவலில் வைக்கப்பட்டு, பின்னர் நாட்டை விட்டு அனுப்பப்பட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற பொறுப்பைச் சுவீடன் திருச்சபையின் ஊழியரும் நம்மவரும் ஏற்க, 1919 இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. பேர்லினிலும் லண்டனிலும் எழுதப்பட்ட அறிக்கைகளுக்குரிய விலையைத் தரங்கம்பாடியிலிருந்த சபையாரும் செலுத்தவேண்டியதாயிற்று.

சென்றவர்கள்

விலக்கு இருந்தும் சென்றவர்கள் உண்டு. தியடோர் பெய்லி ஹார்டி கிராமச் சபையொன்றின் குரு. போர் தொடங்கியபோது 50 வயதைக் கடந்திருந்தார். வயது காரணமாக முதலில் ஏற்றுக்கொள்ளப்படாதவர், விடாது முயன்று 1916 இல் படைக்குருவாகப் பிரான்சு சென்றார். ஆயுதம் ஏந்தவில்லை, காயம்பட்டவர்களைத் தேடி இருளில் முன்னணிக்கும் அப்பால் சென்றார். விக்டோரியா சிலுவை உட்பட மூன்று வீரப்பதக்கங்கள் பெற்றார். காயமுற்று 1918 அக்டோபர் 18 ஆம் நாள், போர் ஓய்வதற்கு மூன்று வாரங்களே இருக்கையில், உயிர் நீத்தார்.

ஜெஃப்ரி ஸ்டடர்ட் கென்னடி போரை ஆதரித்தவர். 1915 இறுதியில் படைக்குருவானார். முன்னணியிலிருந்த வீரர்களுக்கு அவர் உட்பைன் சிகரெட்டுகளை வழங்கியதால் ‘உட்பைன் வில்லி’ என்ற செல்லப்பெயர் பெற்றார். 1917 இல் மெஸ்ஸீன் போரில் குண்டுமழையின் நடுவே காயமுற்றோருக்கு உதவி இராணுவச் சிலுவைப் பதக்கம் பெற்றார். போர் முடிந்தபின் அவரே போரின் கடும் எதிரியானார். ஜெர்மனியில் பவுல் டில்லிக் 1914 இல் தாமாகவே முன்வந்து படைக்குருவாகச் சேர்ந்து நான்கு ஆண்டுகள் பணியாற்றினார். எண்ணற்றோரை அடக்கம் செய்த அவர் மனம் தளர்ந்து நோயுற்றார். பழைய தேசியப் பற்றும் பழைய இறையியலும் அவரிடத்தில் உடைந்துபோயின.

போரை ஆதரித்துச் சென்ற கென்னடி, டில்லிக் போன்றோரின் ஆதரவை அங்கே கண்டது மாற்றியது. போகாமல் ஆதரித்தவருடைய கருத்தோ எளிதில் மாறவில்லை. ஆகவே செல்லும் மனம் கருத்தின் உண்மையை நிறுவாவிட்டாலும், கருத்து உண்மையால் திருத்தப்படுவதற்கு வழி திறக்கிறது எனலாம்.

மறுத்தோரையும் மறந்துவிடலாகாது. பிரிட்டனில் ஏறத்தாழ 16,000 பேர் மனச்சாட்சியின் காரணமாகப் போர்ச் சேவையை மறுத்தனர். அவர்களில் பலர் சிறை சென்றனர். குவேக்கர் இளைஞர்கள் 1914 இலேயே தொடங்கிய நண்பர் ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்தோர், போரை ஆதரியாமலே போர்முனையில் காயமுற்றோரைச் சுமந்தனர். ஆதரித்தவர் பலர் வீட்டிலிருக்க, ஆதரியாதவர் சிலர் அங்கே இருந்தனர்.

கணக்குக் கொடுத்த ஒருவர்

அமெரிக்கப் பிரசங்கியார் ஹாரி எமர்சன் ஃபாஸ்டிக் 1917 இல் போரை ஆதரித்துச் சிறு நூல் எழுதினார். மறு ஆண்டு வாலிபக் கிறிஸ்தவர் சங்கத்தின் சார்பில் பிரான்சு சென்று படைவீரர்களிடையே பேசினார். பதினைந்து ஆண்டுகளுக்குப்பின், 1933 நவம்பரில், நியூயார்க் ரிவர்சைடு ஆலயத்தில் பெயரறியப்படாத போர்வீரனைக் குறித்து அருளுரை ஆற்றினார். களத்துக்குச் செல்ல ஆயத்தமான வீரர்களைத் தம் சொல்லால் ஊக்கப்படுத்தியதை நினைவுகூர்ந்து, அவ்வீரனுக்குத் தாம் கணக்குக் கொடுக்கவேண்டும் என்று வெளிப்படையாக அறிக்கையிட்டு, இனி எந்தப் போரையும் ஆதரிப்பதில்லை என்று உறுதி கூறினார். அவருடைய முடிவோடு எல்லாரும் இசையவேண்டியதில்லை. தம் வார்த்தை ஓர் உயிரின் மீது செயல்பட்டது என்று அவர் அறிந்ததும், அதனைச் சபை முன் சொன்னதும் போதகர் எவருக்கும் படிப்பினையாகும்.

கேள்வி நியாயமானதா?

போரை ஆதரிப்பவன் போருக்குப் போகட்டும் என்பது பலமுறை வாயடைக்கும் சொல்லாகவே பயன்படுகிறது. அதன் குறைபாடுகளையும் கூறவேண்டும். முதலாவது, முதியோரும் பிணியாளரும் போர்முனைக்குச் செல்ல இயலாது; எனினும் நாட்டின் காரியத்தில் கருத்துரைக்கும் உரிமையை அவர்கள் இழப்பதில்லை. மகனை அனுப்பிவிட்டு வீட்டிலிருக்கும் தாய், போகாதவள் என்பதால் விலை கொடாதவள் ஆகமாட்டாள். இரண்டாவது, ஒரு போர் நீதியானதா என்பது அதன் காரணம், நோக்கம், வழிமுறை ஆகியவற்றால் தீர்மானிக்கப்படவேண்டியது. 1914 இல் இரு தரப்பிலும் இலட்சக்கணக்கான இளைஞர் மனமுவந்து சென்றனர். இரு தரப்பும் நீதியாயிருக்க முடியாது. மூன்றாவது, போர்வீரர் மட்டுமே போரைப் பற்றிப் பேசலாம் என்றால் அரசு முழுவதும் படைக்குள் அடங்கிவிடும்.

ஆகவே ஆயத்தமாயிருத்தல் என்பதைப் படையில் சேர்தல் என்று மட்டும் கொள்ளலாகாது. விலையில் தன் பங்கை ஏற்பது என்று கொள்வதே பொருத்தம். உபாகமம் 20 ஆம் அதிகாரம் இதற்குத் துணைசெய்கிறது. புது வீடு கட்டியவன், திராட்சத்தோட்டம் நாட்டியவன், பெண்ணை நியமித்துக்கொண்டவன், பயந்த உள்ளமுடையவன் ஆகியோருக்கு அங்கே விலக்கு உண்டு. விலக்குப் பெறுவது அவமானமாகக் கருதப்படவில்லை. ஆனால் ஜனங்களைத் திடப்படுத்திப் பேசும் ஆசாரியன், போர் நெருங்கும் வேளையில் அவர்கள் நடுவே வந்து நின்றே பேசுகிறான். தூரத்திலிருந்து ஓலை அனுப்புவதில்லை. இதற்கு மாறாக 2 சாமுவேல் 11 இல் தாவீது எருசலேமில் தங்கியிருக்க யோவாபும் படையும் வெளியே இருக்கின்றனர். தன் வீட்டுக்குப் போகவும் மறுத்த உரியா ஒரு வார்த்தையும் குற்றஞ்சாட்டாமலே அரசனைக் குற்றவாளியாக்குகிறான்.

ஹார்னாக்கின் மாணவரான பார்த்தின் பிற்கால வாழ்வை ஈண்டு நினைவுகூரலாம். 1938 செப்டம்பரில் அவர் செக் நாட்டு இறையியலார் யோசஃப் ஹ்ரோமாட்காவுக்கு எழுதிய கடிதத்தில், ஹிட்லரை எதிர்த்துப் போரிடும் செக் வீரன் தங்களுக்காகவும் திருச்சபைக்காகவும் போரிடுகிறான் என்று கருத்துரைத்தார். ஜெர்மனியின் நண்பர்களும் அவரைக் கைவிட்டனர். 1914 இல் தம் ஆசிரியர்கள் செய்ததையே அவரும் செய்துவிட்டாரோ? வேறுபாடு உண்டு. 1940 இல், 54 வயதை எட்டும் நிலையில், பேராசிரியர் பார்த் சுவிஸ் துணைப்படையில் ஆயுதம் தாங்கும் பிரிவிலேயே தம்மைப் பதிவுசெய்து, சாதாரண வீரனாகக் காவற்பணி ஆற்றினார். அவர் நின்ற இடத்தில் போர் நிகழவில்லை. ஒரு குண்டும் சுடவேண்டியிருக்கவில்லை. எனினும் வேறு நாட்டு இளைஞனிடம் கேட்டதை அவர் தம்மிடமும் கேட்டுக்கொண்டார்.

நம் சபைகளுக்கு

நம் நாட்டில் கட்டாய இராணுவச் சேவை இல்லை. 1962, 1965, 1971, 1999 ஆம் ஆண்டுகளில் போர் நிகழ்ந்தபோது நம் ஆலயங்களில் ஜெபங்கள் ஏறெடுக்கப்பட்டன, அது தகுந்ததே. ஆயினும் படையில் சேருகிறவர்களில் பலர் நிலமும் வேலையும் குறைந்த கிராமக் குடும்பங்களிலிருந்தே செல்கின்றனர் என்பதை நாம் அறிவோம். அவர்கள் அணி சேரும்போது நாம் பிரசங்க பீடத்தில் நிற்கிறோம். நம் வயதும் அழைப்பும் நம்மைக் களத்துக்கு அனுப்பா. ஆனால் துயரச் செய்தி வந்த வீட்டுக்குள் முதலில் நுழைகிறவர் யார், காலிழந்து திரும்பியவனை ஆண்டுகள் கடந்தும் விசாரிக்கிறவர் யார், விதவையின் ஓய்வூதிய விண்ணப்பத்தோடு அலுவலகப் படி ஏறுகிறவர் யார் என்பவை நம்மிடம் கேட்கப்படும்.

போருக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொல்லுமுன், சபையில் படைக்குச் செல்லும் வயதிலிருக்கும் ஒருவனுடைய பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு அதனைச் சொல்ல இயலுமா என்று நம்மைச் சோதித்துக்கொள்வது நல்லது. இயலுமானால், அதன் கணக்கை அவனுடைய வீட்டாருக்குக் கொடுக்கும் ஆயத்தத்தோடு சொல்லுவோம். இயலாதாயின் மவுனமாயிருந்து ஜெபிப்போம். மோசேயின் கேள்விக்கு ரூபன் புத்திரரும் காத் புத்திரரும் விடையளித்தபின், தங்கள் வாக்கின்படியே யோர்தானைக் கடந்து சென்றனர் என்று யோசுவாவின் புத்தகம் சாட்சி கூறுகிறது.