லேபிளில் 10 மில்லிகிராம்... உள்ளே 8 தானா? பெப்டைடு அளவில் வரும் குழப்பம் என்ன?

ஆய்வகத்துக்கு வரும் பெப்டைடு குப்பியில் 10 மில்லிகிராம் பொடி இருக்கும். ஆனால் அது முழுக்க பெப்டைடு கிடையாது. ஏன்?

அமினோ அமிலங்கள் சங்கிலி போல இணைந்ததுதான் பெப்டைடு. உறைய வைத்து உலர்த்திய பொடியில், தயாரிப்பின்போது ஒட்டிய உப்பும் ஈரப்பதமும் சேர்ந்தே இருக்கும்.

98% தூய்மை என்றால்?

கலந்திருக்கும் மற்ற பெப்டைடு துண்டுகளோடு ஒப்பிட்டுச் சொல்வது அது. உப்பும் ஈரமும் அந்தக் கணக்கில் வராது. அதனால் சான்றிதழில் ‘நிகர பெப்டைடு அளவு’ எவ்வளவுன்னு பார்க்கணும்.

அது 80% என்றால், 10 மில்லிகிராம் பொடியில் பெப்டைடு 8 மில்லிகிராம்தான். ஒரு மில்லிக்கு 1 மில்லிகிராம் வேண்டுமானால், 8 மில்லி கரைசலாகத் தயாரிக்கணும். 10 மில்லி ஆக்கினால் செறிவு 20% குறையும். ஆய்வு முடிவும் தப்பாகும்.

கவனிக்க வேண்டியவை

* ஃபிரீசரிலிருந்து எடுத்த குப்பி அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே திறக்கணும். இல்லையென்றால் காற்றின் ஈரம் பொடியில் இறங்கிவிடும்.
* மூடியில் ஒட்டிய பொடியை, திறக்கும் முன் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி அடியில் சேர்க்கணும்.
* கரைசலைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வைக்கணும். திரும்பத் திரும்ப உருக்கினால் பெப்டைடு சிதையலாம்.
* டிரிப்டோஃபேன் அல்லது டைரோசின் உள்ள பெப்டைடு என்றால், 280 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் செறிவைச் சரிபார்க்கலாம்.

ஊசியாகப் போட்டுக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று விற்கப்படும் குப்பி, மருந்தாக ஒப்புதல் பெற்றதல்ல. அதில் கிருமி இல்லை என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. அளவு தப்பினால் ஆய்வகத்தில் ஒரு சோதனைதான் வீணாகும். உடம்பில் என்றால் உயிருக்கே ஆபத்தாகலாம்.