பாப்பான் ஊரின் தாதி

ஜெலாப்பாங்கிலிருந்து சிலிபின், மெங்லெம்பு, லாஹாட் ஆகிய ஊர்களைக் கடந்து தெற்கு நோக்கிச் சென்றால் பாப்பான் என்னும் சிற்றூர் வரும். பெயரைக் கேட்டுத் தமிழாசிரியர் எவரும் திகைக்க வேண்டா. மலாய் மொழியில் அச்சொல்லுக்குப் பலகை என்பது பொருள். ஈய லம்பங்கள் செழித்திருந்த காலத்தில் ஆரவாரமாக விளங்கிய அவ்வூர்க் கடைத்தெரு இன்று பெரிதும் பாழடைந்து கிடக்கின்றது. கூரையிழந்த சுவர்களை மரவேர்கள் பற்றிக்கொண்டு நிற்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் எம் பள்ளி மாணவர்களை அத்தெருவிலுள்ள 74ஆம் எண் கடைவீட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். மாடிப்படியின் அடியிலுள்ள குழியைக் காட்டி, “இங்கேதான் வானொலிப் பெட்டியை ஒளித்து வைத்திருந்தார்கள்” என்றேன். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி குனிந்து அக்குழியையே சிறிது நேரம் பார்த்தாள். பிறகு, “அந்த அம்மாவுக்குப் பயமே இல்லையா ஐயா?” என்று கேட்டாள்.

“இருந்தது” என்று மட்டும் சொன்னேன். பேருந்து காத்திருந்தது; மேலே விளக்கப் பொழுதில்லை. அன்று சொல்லாமல் விட்டதையே இங்கே எழுதுகின்றேன்.

அவ்வீட்டில் வாழ்ந்தவர் சிபில் கார்த்திகேசு அம்மையார். சிபில் டேலி என்னும் இயற்பெயருடைய இவர், 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்திராவிலுள்ள மேடான் நகரில் பிறந்தார். அயர்லாந்துக் குருதியும் பிரெஞ்சுக் குருதியும் கலந்த யுரேசியக் குடும்பம். கத்தோலிக்க நெறியில் ஊன்றிய குடும்பம். தாயார் மருத்துவச்சி. மகளும் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். 1919இல் கோலாலம்பூர்ப் புனித யோவான் தேவாலயத்தில், ஆறுமுகம் என்னும் பெயரோடு பிறந்த தமிழரான மருத்துவர் கார்த்திகேசுவை மணந்தார். மணமகன் இந்து என்பதால் பெண்வீட்டார் முதலில் தயங்கினர். மருத்துவர் தம் தந்தையின் இசைவோடு கத்தோலிக்கரான பின்னரே அத்தடை நீங்கியது. இவ்வாறுதான் யுரேசியப் பெண்மணி ஒருவர் தமிழ்ப்பெயர் ஒன்றைத் தாங்கி வரலாற்றில் இடம்பெற்றார். தலைப்பிள்ளை பிறந்து ஒரு நாள்கூட முழுமையாக வாழவில்லை. அத்துயரின் பின்னர் வில்லியம் என்னும் ஆண்குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தனர். பின்னர் ஓல்கா, டான் என்னும் இரு பெண்மக்கள் பிறந்தனர்.

1926 முதல் ஈப்போ புரூஸ்டர் சாலையில் 141ஆம் எண் கட்டடத்தில் கணவனும் மனைவியும் மருத்துவமனை நடத்தி வந்தனர். அம்மையார் கண்டோனீய மொழியைச் சரளமாகப் பேசியமையால் சீனத் தாய்மார்கள் அவரை நாடி வந்தனர். பதினைந்து ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. பிள்ளைப்பேறு பார்த்தல், புண்ணுக்குக் கட்டுப்போடுதல், ஞாயிறுதோறும் தேவாலயம் செல்லுதல் என்று நடந்த வாழ்க்கை அது. போர் வாராதிருப்பின் இவர் பெயரை ஈப்போவில் சில நூறு தாய்மார்களே அறிந்திருப்பர்; அவர்களும் மறைந்தபின் எவரும் அறிந்திரார்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படைகள் மலாயாவில் இறங்கின. அம்மாத நடுவிலேயே ஈப்போவின்மீது குண்டுகள் விழுந்தன. குடும்பம் பாப்பானுக்குக் குடிபெயர்ந்தது. ஊருக்குப் பின்னே குன்றுகள். குன்றுகளில் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர். காயமுற்றோரும் நோயுற்றோரும் இருளில் இறங்கிவந்து, வீட்டின் பின்புற வழியாக அம்மையாரிடம் மருத்துவம் பெற்றுச் சென்றனர். வந்தவனின் அரசியல் கொள்கை யாது என்று அவர் கேட்கவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் பொதுவுடைமையர், கடவுளை ஏலாதவர். செபமாலையும் கையுமாக வாழ்ந்த பெண்மணி, கடவுள் இல்லை என்போரின் உடலிலிருந்து குண்டு எடுத்தார். வேற்று நாட்டு வானொலியைக் கேட்பது பெருங்குற்றமாயிருந்த அந்நாளில், மறைத்து வைத்த பெட்டியில் இலண்டன் ஒலிபரப்பைக் கேட்டு, நம்பத்தக்கவரிடம் செய்தியைப் பகிர்ந்தும் வந்தார்.

அதே மாதங்களில் நம் தோட்டப்புறங்களில் நடந்தவற்றையும் மறத்தலாகாது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைக்கப் பால்மரக் காடுகளிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். அப்பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றது. சென்றவருள் திரும்பாதோர் பலர். என் பாட்டியார் மாலை வேளைகளில், எங்கள் லயத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வார். பெயர்களைச் சொல்லி முடித்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். அவர்களுக்குப் பதக்கமும் இல்லை, நூலும் இல்லை. சிபில் அம்மையாரைப் பற்றி எழுதும்போதெல்லாம் அவ்வரிசை என் காதில் ஒலிக்கின்றது. எளியவர் பட்ட துன்பத்தில் எழுதப்பட்டது சிறிது, எழுதப்படாதது பெரிது.

1943இல் காட்டிக்கொடுப்பு நிகழ்ந்தது. முதலில் மருத்துவரும், பின்னர் வில்லியமும் அம்மையாரும் பிடிபட்டனர். கெம்பெய்த்தாய் எனப்பட்ட இராணுவக் காவற்படையின் கையில் அவர் பட்ட வதைகளை இங்கே அடுக்க நான் விரும்பவில்லை. மாணவர் கையில் சேரும் நூலில் கொடுமைகளை நிரலிட்டால், படிப்போர் மனம் கொடுமையில் நிற்குமேயன்றிக் கொடுமைக்கு ஆளானவரிடம் நில்லாது. அடிபட்டு அவர் முதுகெலும்பு சேதமுற்றது. நடக்கும் ஆற்றலை இழந்தார். காலணியால் உதைபட்ட தாடைப்புண் இறுதிவரை ஆறவில்லை. இவ்வளவு போதும்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. 1936இல் பிறந்த இளைய மகள் டானைக் கொண்டுவந்து மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டினர். காட்டில் உள்ளோரின் பெயர்களையும் உதவி செய்த ஊராரின் பெயர்களையும் சொன்னால் குழந்தை பிழைக்கும் என்றனர். தாய் கண்முன்னே கட்டுண்டு நின்றார். சொல்ல வேண்டா என்று அக்குழந்தையே தாயை நோக்கிக் கூவியது. பெயர்கள் வெளிவரவில்லை, குழந்தையும் உயிர் பிழைத்தது.

இவ்விடத்தில் மேடைப் பேச்சாளர் பலரும் ‘இரும்புப் பெண்மணி’ என்று முழங்குவர். எனக்கு அச்சொல்லில் உடன்பாடில்லை. இரும்புக்கு வலி தெரியாது, பிள்ளையும் கிடையாது. அந்த மரத்தடியில் நின்றவர், தலைப்பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்த ஒரு தாய். நாற்பத்து நான்கு வயதை நெருங்கிய, நோயும் களைப்பும் உடைய ஒரு தாதி. அஞ்சினார், அழுதார், வலியால் அலறினார். அவரே பின்னாளில் எழுதிய நூலில் தம்மை வீராங்கனையாகக் காட்டிக்கொள்ளவில்லை. தம் வலிமையால் தாங்கியதாக அவர் எண்ணவில்லை. தமக்கு அருளப்பட்ட வலிமையால் தாங்கியதாகவே நம்பினார்.

கிறித்தவ சமயத்தின் ஆழமான கொள்கை ஒன்று இங்கே விளக்கம் பெறுகின்றது. திருத்தூதர் பவுல் கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய இரண்டாம் மடலில் தம் உடலில் தைத்த முள் ஒன்றைப் பற்றிப் பேசுகின்றார். அதனை நீக்குமாறு மும்முறை மன்றாடினார், முள் நீங்கவில்லை. மாறாக, வலுவின்மையிலேயே இறைவனின் ஆற்றல் நிறைவடையும் என்னும் விடை கிடைத்ததாக எழுதுகின்றார். இறைவன் வலுவிழந்தவனை முதலில் வலியவனாக மாற்றி, பின்னர்ப் பணி கொள்வதில்லை; வலுவின்மை அப்படியே இருக்க, அதனூடே பணி நிகழ்கின்றது என்பதே அதன் கருத்து. அம்மடலிலேயே அவர் மனிதரை மண்பாண்டத்துக்கு ஒப்பிடுகின்றார். உள்ளிருக்கும் செல்வம் பாண்டத்துக்கு உரியதன்று என்பது தெரியும்பொருட்டே அது மண்ணால் ஆயிற்றாம்.

நம்மவர்க்கு இது முற்றும் புதிய செய்தியன்று. சேக்கிழார் பெருமான் அடியார் வரலாறு பாடப் புகுந்தபோது வேடரையும் குயவரையும் ஆடை வெளுப்பவரையும் புலைப்பாடியில் பிறந்தவரையும் மன்னர்க்கு நிகராக வைத்தார். ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. கண்ணப்பர்க்குக் கண் மீண்டது. சிபில் அம்மையார்க்குக் கால் மீளவில்லை. பவுலுக்கு முள் நீங்கவில்லை. கிறித்தவ மரபு இந்த மீளாமையையே உற்று நோக்குகின்றது. அதன் நடுவில் இருப்பது சிலுவை. அறையப்பட்டவர் அதிலிருந்து இறங்கி வரவில்லை.

வரலாற்று மாணவன் இங்கே தடை எழுப்பக்கூடும், எழுப்பவும் வேண்டும். “கடவுளின் ஆற்றல் என்பதற்குச் சான்று யாது? அக்காலத்தில் கடவுள் நம்பிக்கையற்ற பொதுவுடைமையரும் வதையைத் தாங்கினர் அல்லரோ? செபித்தவருள்ளும் பலர் வதை தாளாது பெயர்களைச் சொல்லிவிட்டனர் அல்லரோ?” உண்மைதான். வரலாறு கடவுளை நிறுவும் கருவியன்று. ஆனால் ஒருவர் எதனை நம்பி நின்றார் என்பது வரலாற்றுக்கு உட்பட்ட செய்தியே. அந்த நம்பிக்கையை நீக்கிவிட்டு அம்மையாரின் செயலை விளக்க முற்பட்டால், விளக்கம் குறைபடும். அவர் நாட்டு விடுதலைக் கட்சி எதிலும் இருந்தவரல்லர், போர்ப்பயிற்சி பெற்றவரல்லர். வாயிற்கதவைத் தட்டியவனுக்கு மருந்திட்டார். மருந்திட்டவன் பெயரைக் கேட்டபோது சொல்ல மறுத்தார். இரண்டும் அவர் மனத்தில் ஒரே கடமையின் இரு முனைகள்.

வதை தாளாது பெயர் சொன்னவர்களைப் பழிக்க நமக்கு உரிமையில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிறித்தவத் திருச்சபையின் தலைமைத் தூதரான பேதுருவே, முற்றத்தில் ஒரு பணிப்பெண் கேட்ட கேள்விக்கு அஞ்சித் தம் தலைவரை மறுதலித்தவர். விவிலியம் அதனை மறைக்கவில்லை. நான்கு நற்செய்தி நூல்களும் எழுதிவைத்தன. முறிந்த அம்மனிதரிடமே பிற்காலப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. ஆகவே, முறியாத சிபிலும் முறிந்த பேதுருவும் ஒரே மரபில் அடுத்தடுத்து நிற்கின்றனர். நம் பாடநூல்களில் வெற்றி பெற்றவர்க்கு மட்டுமே இடம் இருப்பதை எண்ணும்போது, இது எனக்கு வியப்பளிக்கின்றது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. பத்து காஜா சிறையிலிருந்து வெளிவந்த அம்மையார் சிகிச்சைக்காக வானூர்தியில் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். 1947இல், குடிமக்களின் துணிவைப் போற்றும் ஜார்ஜ் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது. பதக்கம் புண்ணை ஆற்றவில்லை. தாடைக்காயத்தின் நஞ்சு குருதியில் பரவ, 1948 ஜூன் 12ஆம் நாள், தம் நாற்பத்தெட்டாம் வயதில், ஸ்காட்லாந்தின் லானர்க் என்னும் ஊரில் காலமானார். அவர் எழுதிவைத்த நினைவுகள் 1954இல் இலண்டனில் நூலாயின. சேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்துச் சொற்களை ஒட்டி, ‘ஒரு துளிக் கருணையும் இல்லை’ என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டனர். 1983இல் மறுபதிப்பு வந்தது. நம் ஆசிரியர்கள் ஒருமுறையேனும் அதனைப் படித்தல் நலம்.

அவர் மறைந்த நான்காம் நாள், 1948 ஜூன் 16ஆம் நாள், ஜெலாப்பாங்குக்கு வடக்கேயுள்ள சுங்கை சிப்புட் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாட்டில் அவசரகாலம் பிறந்தது. ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் இருந்தவர்களுள் பலர் மீண்டும் காட்டுக்குள் சென்று, இம்முறை அரசின் பகைவராயினர். நேற்றுவரை வீரன் எனப்பட்டவனுக்கு மருந்திட்ட கை, இன்று எவனுக்கு மருந்திட்டது என்று கேட்கும் காலம் வந்துவிட்டது. அம்மையாரின் நினைவு பல்லாண்டுகள் மங்கிக் கிடந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. அரசியலின் காற்று திசை மாறும்போது கருணைச் செயலும் ஐயத்துக்கு உள்ளாகின்றது. இந்த ஐயத்தை நேரில் காணாமலே அவர் கண்மூடினார்.

லானர்க்கில் அடக்கம் செய்யப்பட்ட உடல் 1949இல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது. புனித மைக்கேல் தேவாலயத்தை அடுத்த கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் மீண்டும் அடக்கம் நிகழ்ந்தது. ஈப்போவின் பேர் பார்க் பகுதியில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்குகின்றது. கல்லறைத் தோட்டம் இருப்பதும் முன்னாளைய புரூஸ்டர் சாலையிலேதான். தாய்மார்கள் பிள்ளைகளை ஏந்திக்கொண்டு வந்த 141ஆம் எண்ணும் அதே சாலையைச் சேர்ந்தது. இப்போது அதற்குச் சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை என்று பெயர்.

அடுத்த முறை மாணவர்களைப் பாப்பானுக்கு அழைத்துச் செல்லும்போது, திரும்பும் வழியில் அங்கேயும் பேருந்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். அன்று கேள்வி கேட்ட மாணவி இப்போது இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டாள்.