நாட்பட்ட பூஞ்சை நுரையீரல் நோயும் வைட்டமின் டி குறைபாடும்

காசநோய் குணமான பின்னும் சிலரது நுரையீரலில் குழிகள் எஞ்சுகின்றன. காற்றில் பரவும் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை அக்குழிகளில் வளர்ந்து நாட்பட்ட நோயை உண்டாக்கலாம். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், எடைக் குறைவு, களைப்பு, சளியில் இரத்தம் ஆகியவை இதன் அறிகுறிகள்.

குறைபாடு ஏன் ஏற்படுகிறது?

களைப்பினால் வீட்டிற்குள்ளேயே இருப்பதும், பசியின்மையும் முக்கியக் காரணங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மருந்தும் வைட்டமின் டி அளவைக் குறைக்கக்கூடும். இக்குறைபாட்டால் எலும்பு வலியும் தசைத் தளர்ச்சியும் தோன்றலாம். ஸ்டீராய்டு உட்கொள்வோருக்கு எலும்பு மேலும் பலவீனமடையும். இரத்தப் பரிசோதனையில் அளவு 20 நானோகிராமுக்குக் கீழ் இருப்பின் பொதுவாகக் குறைபாடு எனக் கருதப்படும்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

• வைட்டமின் டி பூஞ்சையை அழிக்கும் மருந்து அன்று. பூஞ்சை மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

• வோரிகோனசோல் உட்கொள்வோர் வெயிலில் நிற்பதைத் தவிர்க்க வேண்டும். இம்மருந்து தோலை வெயிலால் எளிதில் பாதிப்படையச் செய்யும். இவர்களுக்கு மாத்திரையே பாதுகாப்பான வழி.

• 60,000 யூனிட் மருந்து பெரும்பாலும் வாரம் ஒரு முறைக்கு உரியது. தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் இரத்தத்தில் கால்சியம் மிகுந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம். உட்கொள்ளும் கிழமையை நாட்காட்டியில் பராமரிப்பாளர் குறித்து வைக்கவும்.

• அதிக தாகம், வாந்தி, மலச்சிக்கல், மனக் குழப்பம் தோன்றினால் வைட்டமின் டி மருந்தை நிறுத்தி உடனே மருத்துவரை அணுகவும்.

• இட்ராகோனசோல் கேப்சூல் உடலில் சேர வயிற்று அமிலம் தேவை. கால்சியம் மாத்திரையையும் அமிலம் குறைக்கும் மாத்திரையையும் அதனுடன் சேர்த்து உட்கொள்ளாமல், உரிய இடைவெளியை மருத்துவரிடம் கேட்டறியவும்.

• காசநோய் சிகிச்சையில் உள்ளோர் மருத்துவர் பரிந்துரையின்றி வைட்டமின் டி உட்கொள்ள வேண்டாம்.

எங்கு அணுகுவது?

கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பல்லாவரம் பகுதி மக்கள், 1928இல் காசநோய் இல்லமாகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையை அணுகலாம். பழைய எக்ஸ்ரே படங்களையும், உட்கொள்ளும் அனைத்து மருந்துகளையும் உடன் கொண்டு செல்லவும். இருமும்போது இரத்தம் மிகுதியாக வெளியேறினால் தாமதிக்காமல் 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.