ஐந்து காசின் சரித்திரம்

பழைய கடிதங்களைப் பேணி வைத்திருக்கும் பங்குக் குடும்பத்தார், 1971-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த உறைகளை எடுத்துப் பாருங்கள். வழக்கமான தபால்தலைக்குப் பக்கத்தில் 5 காசுத் தலை ஒன்றும் ஒட்டப்பட்டிருக்கும். அகதிகள் நிவாரணத்திற்கென்று அவ்வாண்டு நவம்பர் 15 முதல் 1973 மார்ச் முடிய நாம் செலுத்திய வரி அது. ஜூபிலி ஆண்டில் நம் முன்னோரின் அறச்செயல்களை எண்ணும்போது, அந்தச் சிறு காசையும் எண்ணிப் பார்ப்பது தகும்.

1970 நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தானைப் பெரும் புயல் அழித்தது. அம்மாதம் 26-ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் பவுல், மணிலா செல்லும் வழியில் டாக்காவில் இறங்கி அம்மக்களுக்கு ஆறுதல் கூறினார். நான்கு மாதங்கள் சென்றதும், 1971 மார்ச் 25 இரவில், அந்நாட்டு இராணுவமே தன் மக்கள்மீது பாய்ந்தது. உயிர் தப்பியோர் எல்லையைக் கடந்து மேற்கு வங்காளம், திரிபுரா, மேகாலயா, அஸ்ஸாம் பகுதிகளில் தஞ்சம் புகுந்தனர். மேகாலயாவுக்கு ஓடி வந்தவர்களுள் காரோ இனக் கிறிஸ்தவர்களும் பலர். ஆண்டு முடிவதற்குள் தொகை ஏறக்குறைய ஒரு கோடியாயிற்று. கல்கத்தா அருகே சால்ட் லேக்கில், சாக்கடைக்கென்று கிடந்த சிமெண்ட் குழாய்களுக்குள்ளே குடும்பங்கள் குடியிருந்தன.

ஒரு கோடிப் பேருக்கு நாள்தோறும் சோறு எங்கிருந்து வரும்? இந்தியாவே 1966-இல் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து உயிர் காத்த நாடு. அந்நாட்களில் அமெரிக்கக் கத்தோலிக்கரின் உதவியாகப் பால் பவுடரும் கோதுமையும் எண்ணெயும் தமிழகத்தின் பங்குகளிலும் வழங்கப்பட்டன. பாத்திரத்துடன் வரிசையில் நின்றதைப் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கிறோம். பசுமைப் புரட்சியின் பயனாக 1970-71-இல் விளைச்சல் 10 கோடி டன்னைத் தாண்டிற்று. வெளிநாட்டு உதவி வந்தாலும், பாரத்தின் பெரும்பகுதியை நம் நாடே சுமந்தது. வாங்கிய கை கொடுக்கும் கையாயிற்று.

ஆயினும் தானியம் கொடுத்தால் மட்டும் போதவில்லை. எலும்பும் தோலுமான குழந்தைக்கு அரிசிச் சோறு செரிக்காது. அத்தகைய குழந்தைகளுக்குப் பால் புகட்டவும் சத்துணவு ஊட்டவும் தனி நிலையங்கள் தேவைப்பட்டன. சால்ட் லேக்கில் அன்னை தெரேசாவும் அருட்சகோதரிகளும் நலிந்தோரைப் பேணினர். இந்தியக் காரித்தாஸ் முகாம்களில் பணி செய்தது. காலரா பரவியபோது பொங்கான் ஊரில் டாக்டர் திலீப் மகலானபிஸ், குளுக்கோஸும் உப்பும் சோடா உப்பும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, உறவினரைக் கொண்டே நோயாளிகளுக்குக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று. கொடுப்பது ஒன்று, ஊட்டுவது மற்றொன்று என்பதை அம்முகாம்கள் உலகுக்குக் கற்பித்தன.

போர் டிசம்பர் 16-இல் முடிந்தது. 1972 பிப்ரவரி இறுதிக்குள் 90 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஊர் திரும்பினர். இரண்டு வார உணவுப் பொருளையும் கையில் கொடுத்து அவர்களை அனுப்பினார்கள்.

அந்த 5 காசு காணிக்கையன்று, வரிதான். ஒட்டாவிட்டால் கடிதம் சரியாகப் போய்ச் சேராது. ஆகவே அதைக் கொண்டு நாம் பெருமை பேசுவதற்கில்லை. ஆனால் சட்டம் கேட்டபோது கொடுத்தவர்கள், சட்டம் கேட்காதபோதும் கொடுத்தோமா? 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து நம் உறவுகள் மண்டபம் முகாமுக்கு வந்திறங்கியபோது இக்கேள்வி நம் வாசலுக்கே வந்தது. தவக்காலந்தோறும் காரித்தாஸ் உறை நம் கைக்கு வரும்போதும் அதே கேள்விதான் வருகிறது.

காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணை ஆண்டவர் பார்த்துக்கொண்டிருந்தார். எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்துக்கும் யாரோ ஒருவர் உணவளித்திருப்பார். அவர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. பெயர் எழுதப்படாத அந்தக் கூட்டத்தில் நம் பங்கும் என்றும் நிற்க இறைவன் அருள்வாராக.