கப்பல் வேலைக்குப் போகும் பிள்ளைகள்: ஏறும் முன்னும் ஏறிய பின்னும் சட்டம் தரும் பாதுகாப்பு

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் என நம் கரையோர ஊர்கள் பலவும் மரக்கல வணிகத்தால் வளர்ந்தவை. இன்று நம் பிள்ளைகள் பிறருடைய கப்பல்களில் சம்பளத்துக்கு ஏறுகிறார்கள். கப்பலின் முதலாளி ஒரு நாட்டவர், அதில் பறக்கும் கொடி வேறொரு நாட்டுடையது, அது நிற்பதோ மூன்றாவது நாட்டுத் துறைமுகத்தில். பிரச்சினை என்று வந்தால் எந்த நாட்டுச் சட்டத்தைப் பிடிப்பது என்றே குடும்பத்தாருக்குத் தெரிவதில்லை. வீட்டு நகையை அடகு வைத்து ஏஜென்டிடம் பணம் கட்டும் முன் இதைத் தெரிந்துகொள்வது அவசியம் என்பதால் முக்கியமானவற்றை இங்கே தருகிறோம்.

எந்தச் சட்டம்?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2006ல் ஜெனீவாவில் 'கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை'யை நிறைவேற்றியது. 2013 ஆகஸ்ட் 20 முதல் அது நடைமுறையில் உள்ளது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றுள்ளன; இந்தியா 2015 அக்டோபரில் ஏற்றது. சர்வதேசப் பயணம் செல்லும் 500 டன்னுக்குக் குறையாத கப்பல்கள் இந்த உடன்படிக்கையின்படியான சான்றிதழை வைத்திருக்க வேண்டும். உடன்படிக்கையை ஏற்ற நாட்டின் துறைமுகத்துக்கு வரும் கப்பலை, அது எந்த நாட்டுக் கொடியுடையதாக இருந்தாலும், அந்நாட்டு அதிகாரிகள் சோதிக்கலாம். கடுமையான குறை இருந்தால் நிறுத்தியும் வைக்கலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீன்பிடிக் கப்பல்களுக்கும், வளைகுடாவில் ஓடும் பாரம்பரிய மரக்கலங்களுக்கும் இந்த உடன்படிக்கை பொருந்தாது. எனவே 'கப்பல் வேலை' என்று யாராவது சொன்னால், எந்த வகைக் கப்பல் என்பதே நம் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

கையெழுத்திடும் முன்

இந்தியாவில் கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனம், மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் (டி.ஜி. ஷிப்பிங்) உரிமம் பெற்றிருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படியான இந்த உரிமத்தை 'ஆர்.பி.எஸ்.எல்.' என்பார்கள். ஏஜென்ட் தரும் உரிம எண்ணை இயக்குநரகத்தின் இணையதளத்தில் நாமே சரிபார்க்கலாம்.

வேலை வாங்கித் தருவதற்காகப் பணியாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்று, சி.டி.சி. புத்தகம், பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவு மட்டுமே நம்முடையது. விசா செலவைக் கப்பல் முதலாளி ஏற்க வேண்டும். லட்சங்களைக் கேட்பவரும், 'விசிட் விசாவில் போங்கள், அங்கே கப்பலில் ஏற்றிவிடுவோம்' என்பவரும் சட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள்.

பணி ஒப்பந்தத்தை நிதானமாகப் படித்து, தெரிந்தவரிடம் ஆலோசனை கேட்டபின் கையெழுத்திட நமக்கு உரிமை உண்டு. கப்பல் முதலாளியின் பெயர், பதவி, சம்பளம், விடுப்பு, ஊர் திரும்பும் உரிமை ஆகியவை அதில் இருக்க வேண்டும். இரு தரப்பும் கையெழுத்திட்ட அசல் ஒன்று நம் கையில் வர வேண்டும். அதன் நகலையும், கப்பலின் பெயரையும், 7 இலக்க ஐ.எம்.ஓ. எண்ணையும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலில் ஏறிய பின்

நிறுவனம் கடைப்பிடிக்க வேண்டியவற்றில் சில:

* 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைக்கக் கூடாது.
* 24 மணி நேரத்தில் 10 மணி நேரமும், 7 நாளில் 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும். நாடு இதற்குப் பதிலாக வேலை நேரத்துக்கு உச்ச வரம்பு வைத்தால், அது 24 மணி நேரத்தில் 14, 7 நாளில் 72.
* சம்பளத்தை மாதந்தோறும் கணக்குச் சீட்டுடன் தர வேண்டும். அதில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ குடும்பத்துக்கு அனுப்ப வழி செய்ய வேண்டும்.
* மாதத்துக்கு 2.5 நாள் என்ற கணக்கில் சம்பளத்துடன் விடுப்பு தர வேண்டும்.
* உணவு இலவசம். பணியாளர்களின் மதத் தேவையைக் கருதியே உணவு வழங்க வேண்டும் என்று உடன்படிக்கை சொல்கிறது. ஆகவே ஹலால் உணவு கேட்பது சலுகை கேட்பதாகாது.
* கடற்கொள்ளையரிடம் சிக்கினாலும் ஒப்பந்தமும் சம்பளமும் தொடர வேண்டும். இந்தத் திருத்தம் 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால்

நம் குடும்பங்கள் பலவும் தவறவிடுவது இதைத்தான். குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் தராமல் தொடர்பை முறித்துக்கொண்டாலோ, உணவின்றி விட்டாலோ, ஊர் திரும்பும் செலவை ஏற்காவிட்டாலோ, முதலாளி பணியாளரைக் 'கைவிட்டார்' என்றே சட்டம் கொள்ளும். 2017 ஜனவரி முதல் இதற்குக் காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீட்டுச் சான்றை எல்லோர் கண்ணிலும் படும்படி கப்பலில் ஒட்டி வைக்க வேண்டும். அத்தியாவசியத் தேவைகளையும், ஊர் திரும்பும் செலவையும், சம்பள பாக்கியையும் அந்தக் காப்பீடு தரும்.

ஆனால் சம்பள பாக்கியில் நான்கு மாதம் வரைதான் அது பொறுப்பேற்கிறது. 'அடுத்த மாதம் சேர்த்துத் தருவார்கள்' என்று எட்டு, பத்து மாதம் பொறுத்திருந்தால், மீதிக்கு நீதிமன்றப் படிதான் ஏற வேண்டும். எனவே இரண்டாம் மாதமே குரல் கொடுங்கள். புகார் செய்ததற்காகப் பழிவாங்கக் கூடாது என்பதும் சட்டமே.

தவறான ஒரு கையெழுத்து எதில் கொண்டுபோய் விடும் என்பதற்கு 'அமான்' கப்பலே சாட்சி. 2017 ஜூலையில் எகிப்தின் அதபியா துறைமுகத்தில், பாதுகாப்புக் கருவிகளுக்கான சான்றுகள் காலாவதியானதால் அது தடுத்து வைக்கப்பட்டது. சிரியாவைச் சேர்ந்த அதன் தலைமை அதிகாரி, தம்மைக் கப்பலின் சட்டப்படியான பாதுகாவலர் என அறிவித்த நீதிமன்ற ஆணையில், அதன் பொருள் தெரியாமலே கையெழுத்திட்டார். சக பணியாளர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்ப, அவர் மட்டும் தனியே நின்றார். இடையில் தாயார் இறந்தார். அப்போதும் போக முடியவில்லை. 2021 ஏப்ரலில்தான் அவர் வீடு சேர்ந்தார்.

யாரிடம் போவது?

முதலில் கப்பல் கேப்டனிடம் எழுத்தில் புகார். அடுத்து, கப்பல் நிற்கும் துறைமுக அதிகாரிகள், கொடி நாட்டு அரசு, ஆள் எடுத்த நிறுவனம், டி.ஜி. ஷிப்பிங், இந்தியத் தூதரகம் என்று போகலாம். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் ஆய்வாளர்கள் பல துறைமுகங்களில் இருக்கிறார்கள், அவர்களையும் அணுகலாம்.

கப்பல் இந்தியக் கடல் எல்லைக்குள் இருந்தால், 2017ஆம் ஆண்டின் கடல்சார் வழக்குச் சட்டப்படி சென்னை உள்ளிட்ட கடலோர மாநில உயர் நீதிமன்றங்கள் அதைச் சிறைபிடிக்க உத்தரவிடலாம். அந்தச் சட்டத்தின் கடல்சார் உரிமைக் கோரிக்கைகளில் பணியாளர் சம்பளத்துக்கே முதலிடம். சம்பளத்துக்காகக் கப்பல் மீதுள்ள அந்த உரிமை, சம்பளம் கொடுபட வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரைதான் நீடிக்கும்.

நாம் வீட்டில் செய்யக்கூடியது எளிது. ஒப்பந்த நகல், கப்பலின் ஐ.எம்.ஓ. எண், ஆர்.பி.எஸ்.எல். எண், ஒவ்வொரு மாதச் சம்பளச் சீட்டின் படம் ஆகிய நான்கையும் ஒரு கோப்பில் வைத்துக்கொள்வோம். கடலில் இருப்பவர் பேச முடியாத நாளில், கரையில் இருக்கும் தாயோ மனைவியோ அவருக்காகப் பேச அந்தக் கோப்பு போதும்.