குழந்தையின் இரத்தம் கூறும் காலக்கணக்கு

இராமேசுவரத்தில் ஒருவருக்கு மலேரியாக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். நோய் அவருக்கு எங்கே, எப்போது தொற்றியது? வளர்ந்த ஆளிடம் இதற்கு விடை காண்பது எளிதன்று. மீன்பிடிக்கப் பல கரைகளுக்குப் போய் வந்தவராக அவர் இருக்கலாம். அன்றியும், வைவாக்ஸ் என்னும் வகைக் கிருமி கல்லீரலில் பல மாதங்கள் உறங்கிக் கிடந்து மறுபடியும் தலைதூக்கும் இயல்புடையது. எட்டு மாதக் குழந்தையின் கணக்கு வேறு. கொசு கடித்தது அந்த எட்டு மாதத்துக்குள்தான். கடித்த இடமும் பெரும்பாலும் அதன் தொட்டிலைச் சுற்றித்தான். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அளவைத் தொடங்குமுன் கருவியின் சுழிப்பிழையைப் பார்ப்போம் அல்லவா? பச்சிளம் குழந்தை, சுழிப்பிழை இல்லாத கருவி!

பிள்ளைகளைக் கொண்டு ஊரின் நோயை அளக்கும் வழக்கம் மெல்லவே உருவாயிற்று. 1840-களில், யமுனைக் கால்வாய் ஓரத்து ஊர்களில் டெம்ப்ஸ்டர் என்னும் மருத்துவர் மக்களின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியவர் எத்தனை பேர் எனக் கணக்கெடுத்தார். கிருமி இன்னதென்றே அன்று யாருக்கும் தெரியாது. 1880-ல் லாவெரான் அதை மனித இரத்தத்திலும், 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றிலும் கண்டனர். அதன்பின் மண்ணீரலோடு இரத்தமும் சோதிக்கப்பட்டது. நோய் மிகுந்த ஊர்களில் பெரியவர்கள் அடிக்கடி காய்ச்சல் கண்டு ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றுவிடுவர். ஆகவே ஊரின் உண்மை நிலை பிள்ளைகளிடமே தெரியும்.

செய்முறை எளியது. குழந்தையின் குதிகாலில் சிறு குத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி இரத்தம், சாயம், நுண்ணோக்கி. நம் நாட்டில் பெரிதும் பயன்பட்ட சாயம் 1944-ல் ஜஸ்வந்த் சிங்கும் பட்டாசார்ஜியும் உருவாக்கியது. விலை மலிவு, நிறமேற்றும் நேரமும் குறைவு.

1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது, ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு இந்நோய் என மதிப்பிட்டிருந்தனர். 1965-ல் அது ஒரு இலட்சமாக இறங்கியது. வெற்றி என்றே பலரும் எண்ணினர். 1976-ல் எண்ணிக்கை 64 இலட்சம்!

இராமேசுவரம் தீவிலும் நோய் விடவில்லை. மணற்பாங்கான தீவில் கொசு வளர நன்னீர் ஏது என்று நீங்கள் கேட்கலாம். மணலைச் சற்றுத் தோண்டினால் நன்னீர் ஊறும். தென்னைக்கும் சவுக்குக்கும் ஊற்றத் தோண்டிய குழிகளில் அனாபிலிஸ் குலிசிபேசிஸ் கொசு வளர்ந்தது. 1980-களில் புதுச்சேரி நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தினர், பி.கே.ராஜகோபாலன் தலைமையில், இவற்றைத் தேடி ஆராய்ந்தனர். மக்கள் வந்துபோவதும் நோய் நீடிக்கக் காரணம் என்று 1986-ல் எழுதினர்.

இங்கேதான் சிக்கல். நோய் வெளியிலிருந்து வருவதானால் வருவோரைச் சோதிக்க வேண்டும். உள்ளூர்க் குழியில் பிறப்பதானால் குழியைக் கவனிக்க வேண்டும். தவறாக முடிவு செய்தால் பணமும் மருந்தும் வீண். கடல் கடந்து எங்கும் போகாத கைக்குழந்தையின் இரத்தத்தில் கிருமி இருந்தால், குழியைத் தேடிப் போக வேண்டியதுதான்.

இதே தத்துவம் யானைக்கால் நோய்க்கும் பொருந்துகிறது. ஊர் முழுவதற்கும் ஆண்டுதோறும் மருந்து கொடுத்து முடித்தபின், ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் இரத்தத்தையே சோதிக்கிறார்கள். மருந்து கொடுத்த ஆண்டுகளில் வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்களில் கிருமியின் தடயம் உடையவர் மிகச் சிலரே என்றால், பரவல் நின்றுவிட்டது எனக் கொள்ளலாம்.

தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையில், சுமார் 30 கிலோமீட்டரில் இலங்கை. 1963-ல் அங்கு மலேரியா கண்டவர் 17 பேர்தான். கண்காணிப்பு தளர்ந்தது, 1960-களின் இறுதியில் நோய் கொள்ளையாகத் திரும்பியது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார். 2016-ல் உலகச் சுகாதார நிறுவனம் மலேரியா, யானைக்கால் இரண்டும் அங்கு ஒழிந்ததை உறுதி செய்தது. அதன்பிறகும், வெளிநாட்டிலிருந்து திரும்பியவருக்குக் காய்ச்சல் என்றால், அங்கே இரத்தம் சோதிக்கப்படுகிறது.