அரிசி ஏறாத கப்பல்

1918 ஜூலை 23. ஜப்பானின் தொயாமா மாவட்டத்தில் உவோசு என்ற மீனவ ஊர். ஹொக்கைதோவுக்கு அரிசி ஏற்றிப்போக இபுகி மாரு என்ற கப்பல் வந்து நிற்கிறது. கரையில் பெண்கள் திரண்டு மறித்தார்கள். எங்கள் அரிசி வெளியூர் போகக் கூடாது என்றார்கள். கப்பல் வெறுமனே போனது.

அடுத்த சில வாரங்களில் நாடெங்கும் பரவிய அரிசிக் கலகங்கள் இங்கேதான் தொடங்கின. அன்றைய செய்தித்தாள்கள் இதைப் 'பெண்கள் கிளர்ச்சி' என்றன. பிறகு எழுதப்பட்டவற்றில் அவர்கள் பெரும்பாலும் 'மீனவர்களின் மனைவிமார்'. இந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை. அவர்களில் பலர் கிடங்கிலிருந்து படகுவரை அரிசி மூட்டை சுமந்து கூலி வாங்கியவர்கள். மூட்டை ஒன்று ஏறக்குறைய 60 கிலோ. ஊர் அரிசி எவ்வளவு வெளியேறுகிறது என்பது அவர்கள் முதுகுக்குத் தெரியும். பசிதான் அவர்களைக் கரைக்குக் கொண்டுவந்தது, மறுக்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் மறிக்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுத்தது அவர்கள் பார்த்த வேலை.

முதல் உலகப் போரால் ஐரோப்பியச் சரக்கு ஆசியச் சந்தைகளுக்கு வருவது குறைந்தது. அந்த இடத்தை ஜப்பானியத் துணி பிடித்தது. அதை நெய்த ஆலைகளில் பெரும்பான்மையோர் பெண்கள். ஏற்றுமதிப் பணம் உள்ளே குவியக் குவிய விலைவாசி ஏறியது, கூலி பின்தங்கியது. கப்பல் வைத்திருந்தவர்கள் 'நரிகின்' ஆனார்கள். ஜப்பானியச் சதுரங்கத்தில் சிப்பாய்க் காய் தங்கக் காயாக மாறுவதிலிருந்து வந்த பெயர் அது. திடீர்ப் பணக்காரர்களுக்கு ஊர் வைத்தது. சைபீரியாவுக்குப் படை போகப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும் வியாபாரிகள் அரிசியைப் பதுக்கினார்கள். ஓராண்டுக்குள் விலை இரு மடங்கைத் தாண்டியது. ஆகஸ்டில் கோபே நகரத்தில் சுசுகி வணிக நிறுவனத்தின் கட்டடத்தைக் கூட்டம் கொளுத்தியது.

செப்டம்பரில் தெராவுச்சி அமைச்சரவை விழுந்தது. 1925இல் 25 வயதான ஆண்களுக்கெல்லாம் வாக்குரிமைச் சட்டம் வந்தது. பெண்கள் முதன்முதலில் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தது 1946இல். கடற்கரையில் அவர்கள் கூடிய ஆண்டிலோ, அரசியல் கூட்டத்துக்குப் பெண் போவதே சட்டப்படி குற்றம்.

அரிசி விலையை அடக்க அரசு கண்ட வழி கொரியா. தன் ஆட்சியிலிருந்த அந்த நாட்டில் 1920இல் நெல் உற்பத்திப் பெருக்கத் திட்டம் தொடங்கியது. விளைச்சல் கூடியதைவிட வேகமாக ஜப்பானுக்குப் போன அரிசி கூடியது. கொரியர்கள் தலைக்கு உண்ட அரிசி குறைந்தது. அங்கே பெண்கள் மஞ்சூரியாவிலிருந்து வந்த தினையை உலையில் போட்டார்கள்.